தேர்வு தேசங்கள் – 11: சாங்கின் தொப்பி, லீயின் தலை

சீனத் தேர்வு என்றாலே நாம் பேசுவது பல்கலைக்கழக நுழைவுத் தேர்வான காவோகாவோவைப் பற்றித்தான். போன வாரம் நானும் அதைத்தான் எழுதினேன். ஆனால் அங்கே பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு அதற்கு மூன்று வருடம் முன்பே வயிற்றைக் கலக்கும் தேர்வு ஒன்று இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பின் முடிவில், ஜூன் மாத வாக்கில் வரும் அந்தத் தேர்வின் பெயர் ஜோங்காவோ. நாடு முழுக்க ஒரே வினாத்தாள் கிடையாது. அந்தந்த நகரமோ மாகாணமோ தானே தயாரித்து நடத்திக்கொள்கிறது. மதிப்பெண் இருந்தால் மேல்நிலைப் பள்ளி, இல்லாவிட்டால் தொழிற்பள்ளி. ஏறத்தாழப் பாதிக்குப் பாதி என்பது அரசு வெகுகாலம் வைத்திருந்த கணக்கு. காவோகாவோவில் சறுக்கினால் மறுவருடம் எழுதிக்கொள்ளலாம். பதினைந்து வயதில் தொழிற்பள்ளிப் பக்கம் போன பையன் பல்கலைக்கழகப் பாதைக்குத் திரும்பி வருவது லேசான காரியமில்லை.

இந்தத் தேர்வில் சீனமொழி, கணிதம் இரண்டுக்கும் பக்கத்தில் ஆங்கிலமும் பெரிய பாடமாக உட்கார்ந்திருக்கிறது. அதற்குள்ளும் பிள்ளைகளின் நேரத்தை அதிகம் தின்பது, ஒரு பத்தியைக் கொடுத்து அதன்கீழ் நாலு விடைகளோடு கேள்வி கேட்கும் வாசித்தறிதல் பகுதிதான். பெய்ஜிங் நகரம் 2018-ல் கொண்டுவந்த முறையில் ஆங்கிலத்துக்கு 100 மதிப்பெண். 40 மதிப்பெண் கணினி முன்னால் கேட்டலுக்கும் பேசுதலுக்கும் போக, எழுத்துத் தேர்வுக்கு 60. அந்த 60-ல் வாசித்தறிதலுக்கு மட்டும் 26. பதின்மூன்று கேள்விகள், கேள்விக்கு 2 மதிப்பெண். அதே தாளில் ஓர் இலக்கணக் கேள்வியின் விலை அரை மதிப்பெண். நாலு இலக்கணக் கேள்விகளுக்குச் சரியாக விடை எழுதிச் சம்பாதித்ததை, பத்தியில் ஒரு வரியைத் தவறாகப் படித்துத் தொலைத்துவிடலாம். ஆசிரியர்கள் எதைப் பிடித்துக்கொண்டு தொங்குவார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

வினாத்தாளில் ஏ, பி, சி, டி என்று நாலு பத்திகள் வரும். ஏ பெரும்பாலும் விளம்பரமோ அறிவிப்போ: எந்த மாணவனுக்கு எந்த மன்றம் பொருந்தும் என்பது மாதிரி. பி ஒரு கதை. சி அறிவியல் விளக்கம். டி-யில் யாரோ ஒருவர் ஒரு கருத்தை வைத்து வாதாடுவார். பாடத்திட்டம் ஒன்பதாம் வகுப்பு முடிவுக்குள் எதிர்பார்ப்பது சுமார் 1,600 சொற்கள். அதைத் தாண்டி ஏதாவது சொல் வந்தால் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் சீன எழுத்தில் பொருள் போட்டிருப்பார்கள். சொல் தெரியாமல் தோற்றேன் என்று யாரும் சொல்ல முடியாது.

இப்போது ஒரு கேள்வியைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். மாதிரிக்காக நானே செய்தது இது. டாம் என்ற பையன் தாத்தாவின் தோட்டத்தில் வேண்டாவெறுப்பாக ஒரு தக்காளிச் செடி நடுகிறான். பக்கத்து வீட்டு அம்மாள் தாத்தாவைத் தேநீருக்கு அழைக்கிறார். வாரம் முழுக்கப் பையனுக்குப் பள்ளியில் கவனம் ஓடவில்லை. செடி பூத்திருக்குமா என்றே யோசனை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தோட்டத்துக்கு ஓடுகிறான். கேள்வி: டாம் ஏன் மறுபடி தோட்டத்துக்குப் போனான்? முதல் விடை, பக்கத்து வீட்டு அம்மாள் அழைத்ததால். இரண்டாவது, தாத்தாவுக்கு உடம்பு சரியில்லாததால். மூன்றாவது, எல்லாச் சிறுவர்களுக்கும் தோட்டம் பிடிக்கும் என்பதால். நான்காவது, தான் செய்த வேலை என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள.

சரியான விடை நான்காவது என்று நமக்குச் சட்டென்று தெரிகிறது. சீன வகுப்பறையில் அது போதாது. மற்ற மூன்றும் எந்த வகைப் பொய் என்று பெயர் சொல்ல வேண்டும். அம்மாள் அழைத்தது உண்மை, அழைக்கப்பட்டவர் தாத்தா. ஒருவர் சங்கதியை இன்னொருவர் மேல் ஏற்றிவிட்டார்கள். இதற்கு ஆசிரியர்கள் வைத்திருக்கும் பெயர், சாங்கின் தொப்பியை லீயின் தலையில் வைப்பது. தாத்தாவின் உடம்பைப் பற்றிப் பத்தியில் பேச்சே இல்லை. அது இல்லாததிலிருந்து உண்டாக்கியது. மூன்றாவது, ஒரு பையனை வைத்து ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் அளந்தது. ‘எல்லா’, ‘எப்போதும்’, ‘ஒருபோதும்’ என்று அடித்துப் பேசும் விடையைக் கண்டால் சந்தேகப்படு என்பது பாலபாடம். சரியான விடை பத்தியின் சொற்களை அப்படியே எடுத்து வராது, வேறு சொற்களில் வரும் என்பது இரண்டாம் பாடம்.

படிக்கும் வரிசையும் வேறு. முதலில் கேள்வியைப் படி, முக்கியச் சொல்லுக்கு அடிக்கோடு போடு, பிறகு பத்திக்குள் போய் அந்த இடத்தைத் தேடு, விடைகளோடு ஒப்பிடு. கைதேர்ந்த பிள்ளை முழுப் பத்தியையும் படிக்காமலே மதிப்பெண் வாங்கிவிடும்.

இதைக் கேலி செய்வது சுலபம். எனக்கு அப்படிச் செய்ய மனம் வரவில்லை. எழுதியவர் சொன்னது எது, நானாகச் சேர்த்துக்கொண்டது எது என்று பிரித்துப் பார்க்கப் பதின்மூன்று வயதில் பழக்குவது சாமானியக் காரியமா? நம் தொலைக்காட்சி விவாதங்களுக்கு வருகிறவர்களை அங்கே ஒரு வருடம் உட்காரவைக்கலாம்.

அந்தப் பிள்ளைகள் தாண்டிவரும் தூரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். சீனக் குழந்தை ரோமன் எழுத்தை முதலில் சந்திப்பது ஆங்கிலத்தில் அல்ல, முதல் வகுப்பில் சீன உச்சரிப்பைக் கற்பிக்கும் பின்யின் முறையில். அங்கே ‘க்யூ’ ஏறக்குறைய ‘ச்’ என்று ஒலிக்கும், ‘எக்ஸ்’ ‘ஷ்’ பக்கம் போகும். பெரும்பாலும் மூன்றாம் வகுப்பில் ஆங்கிலம் வந்ததும் அதே எழுத்துகள் வேறு வேஷம் கட்டிக்கொள்கின்றன. வாக்கிய அமைப்பு அதைவிடச் சோதனை. ‘நேற்றுக் கடையில் பார்த்த பையன்’ என்று நாம் சொல்வதுபோலவே சீனர்களும் விவரத்தை முன்னால் சொல்லிப் பெயரைப் பின்னால் வைப்பார்கள். ஆங்கிலம் பையனை முதலில் நிறுத்திவிட்டு, அவனைப் பார்த்த கதையைப் பின்னால் இழுத்துக்கொண்டே போகும். டி பத்தியில் அப்படி ஒரு நீள வாக்கியம் வந்தால் வினைச்சொல் எங்கே என்று தேடுவதற்குள் மூச்சு வாங்கும். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு இந்தச் சிரமத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

இத்தனை பெரிய தேவை இருந்தால் வியாபாரம் சும்மா இருக்குமா? ஐந்து வருட வினாத்தாள், மூன்று வருட மாதிரித் தேர்வு என்று பெயரிலேயே சரக்கைச் சொல்லும் பயிற்சிப் புத்தகத்தை ‘ஐந்து-மூன்று’ என்று செல்லமாகக் கூப்பிடாத சீன மாணவர் குறைவு. ஷான்ஷி மாகாணத்துப் பல்கலைக்கழகம் ஒன்று மாணவர்களுக்காகவே ஆங்கில வார இதழ் நடத்துகிறது. 1993-ல் யூ மின்ஹோங் தொடங்கிய நியூ ஓரியண்டல் போன்ற பயிற்சி நிறுவனங்கள் அமெரிக்கப் பங்குச்சந்தை வரைக்கும் போயின. 2021 ஜூலையில் அரசு ஒரே ஆணையில் கதவைச் சாத்தியது: பள்ளிப் பாடங்களுக்கு லாப நோக்கில் டியூஷன் கூடாது, வார இறுதியிலும் விடுமுறையிலும் வகுப்பு கூடாது, நடுநிலைப் பிள்ளைகளுக்கு எழுத்து வீட்டுப்பாடம் 90 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. நியூ ஓரியண்டல் பங்கு ஒரே நாளில் பாதிக்குமேல் விழுந்தது. மூடிய வகுப்பறைகளில் மிஞ்சிய ஏறத்தாழ 80,000 மேசை நாற்காலிகளைக் கிராமப் பள்ளிகளுக்குக் கொடுத்தார் யூ மின்ஹோங். நியூ ஓரியண்டலில் ஆங்கிலம் கற்பித்த டோங் யூஹுய் மறுவருடம் இணைய நேரலையில் அரிசியும் மக்காச்சோளமும் விற்றபடியே ஆங்கிலச் சொற்களைச் சொல்லிக்கொடுத்து நாடறிந்த ஆளானார். டியூஷன் மட்டும் சாகவில்லை. வீட்டுக்குள் போய்விட்டது, கட்டணமும் கூடிவிட்டது.

எனக்குக் குறையாகப் படுவது வேறு. அதே பாடத்திட்டம், பாடநூலுக்கு வெளியே மொத்தம் 1,50,000 சொற்களாவது ஆங்கிலத்தில் படித்திருக்க வேண்டும் என்கிறது. நல்ல விதி. முந்நூறு சொல் பத்திகள் ஐந்நூறை முடித்தால் கணக்கு நேராகிவிடும், மூன்று வருடத்தில் ஒரு பிள்ளை அதைச் செய்துவிடவும் முடியும். ஆனால் அந்த ஐந்நூறில் ஒன்றுக்கும் ஆசிரியர் பெயர் இருக்காது. எங்கிருந்தோ எடுத்துச் சுருக்கி, கடினச் சொல்லை நீக்கி, கேள்விக்குத் தோதாக வளைத்தவை அவை. டாமின் செடி காய்த்ததா என்று யாரும் கேட்கமாட்டார்கள். தொண்ணூறுகளில் படித்தவர்கள் தங்கள் பாடநூலில் வந்த லீ லெய், ஹான் மெய்மெய் என்ற இரு மாணவர்களை நாற்பது வயதிலும் நினைவு வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குள் காதல் இருந்ததா என்று இணையத்தில் சண்டைகூடப் போட்டார்கள். பாடநூல் சுமாரானதுதான். ஆனாலும் அதில் ஆட்கள் வருடக்கணக்கில் கூடவே வந்தார்கள்.

2021 மார்ச்சில் சூ ஜின் என்ற அரசியல் ஆலோசனை மன்ற உறுப்பினர் ஆங்கிலத்தைப் பெரிய பாடங்களின் வரிசையிலிருந்தே இறக்கச் சொன்னார். கல்வி அமைச்சகம் ஏற்கவில்லை. பெய்ஜிங் தாளிலேயே இதைவிட உருப்படியான யோசனை ஒன்று இருக்கிறது: வாசித்தறிதலுக்கு அடுத்த பகுதியில், ஒரு பத்தியைப் படித்துவிட்டு ‘நீ என்ன நினைக்கிறாய், ஏன்?’ என்ற தொனியில் வரும் கடைசிக் கேள்வி. அதற்கு ஏ, பி, சி, டி கிடையாது, சொந்த வாக்கியத்தில் எழுத வேண்டும். அதற்கும் வார்ப்பு விடை விற்பவர்கள் உண்டுதான். இருந்தாலும் நாலு பத்திகளில் இரண்டைக் குறைத்துவிட்டு, ஒரு மெல்லிய முழுப் புத்தகத்தைப் படிக்கச் சொல்லி இந்த மாதிரிக் கேள்விகளைக் கூட்டினால் அந்த 1,50,000 சொற்களுக்கு அர்த்தம் வரும் என்பது என் கட்சி.

அடுத்த வாரம் கொரியா. ஆங்கிலக் கேட்டல் தேர்வு நடக்கும் அரைமணி நேரத்துக்கு அங்கே விமானங்கள் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை.