டீசல் எஞ்சினுக்கு ஏற்ற கனெக்டிங் ராட் பேரிங்

கனெக்டிங் ராடின் பெரிய முனை கிராங்க்ஷாஃப்டைப் பிடிக்கும் இடத்தில் இரண்டு அரைவட்டத் தகடுகள் உட்கார்ந்திருக்கும். அவைதான் ராட் பேரிங். இதில் பந்துகளோ உருளைகளோ கிடையாது. கிராங்க்ஷாஃப்டில் ராட் பிடிக்கும் சுழலும் பகுதியான ஜர்னலுக்கும் தகட்டுக்கும் நடுவில் நிற்கும் ஆயில் படலமே சுமையைத் தாங்குகிறது. படலம் அறுந்தால் பேரிங் சூடேறிப் பிடித்துக்கொள்ளும், கிராங்க்கும் பாழாகும்.

5.9 லிட்டர் கம்மின்ஸ் ஆறு சிலிண்டர் எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 102 மி.மீ. டீசல் எரியும்போது உள்ளே அழுத்தம் 150 பார் எட்டுவதாகக் கொண்டால், ஒரு பிஸ்டனின் மேல் இறங்கும் விசை சுமார் பன்னிரண்டரை டன். டர்போ பூஸ்டையும் டீசலையும் கூட்டி பவரை உயர்த்தினால் இது இன்னும் ஏறும். அந்த அடியை வாங்குவது ராட் பக்கத்து மேல் தகடு. அதனால் சில எஞ்சின்களில் மேல் தகட்டுக்கு மட்டும் வலிமை கூடிய ரகம் வைக்கப்படுகிறது.

பேரிங்குகளில் மூன்று ரகங்கள் முக்கியமானவை. இரு உலோக ரகத்தில் எஃகு முதுகின் மேல் அலுமினியம்-வெள்ளீயக் கலவை இருக்கும். சாதாரண ஓட்டத்துக்கு அது போதும். மூன்று அடுக்கு ரகத்தில் எஃகின் மேல் செம்புக் கலவையும், அதன் மேல் சுமார் 0.02 மி.மீ. தடிமனுள்ள மென்மையான பூச்சும் இருக்கும். ஆயிலில் வரும் நுண்ணிய தூசியை அந்தப் பூச்சு தனக்குள் புதைத்துக்கொண்டு ஜர்னலில் கீறல் விழாமல் காக்கும். அடிக்கும் ஈடுகொடுக்கும் என்பதால் பவர் கூட்டிய எஞ்சின்களில் பெரும்பாலும் இதையே போடுகிறார்கள். மூன்றாவது, வெற்றிடத்தில் பூச்சேற்றும் ஸ்பட்டர் ரகம். மிகக் கடுமையான சுமையையும் தாங்கும். ஆனால் அதன் கடினமான மேற்பரப்பு தூசியைப் பொறுத்துக்கொள்ளாது. பேரிங் எவ்வளவு கடினமோ, ஆயிலும் ஃபில்டரும் அவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும்.

ரகத்தைப் போலவே இடைவெளியும் முக்கியம். ஜர்னல் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது பழக்கத்திலுள்ள தொடக்கக் கணக்கு. கம்மின்ஸின் 69 மி.மீ. ஜர்னலுக்கு அது சுமார் 0.07 மி.மீ. குறைந்தால் ஆயில் ஓட்டம் சுருங்கிச் சூடேறும். மிகுந்தால் ஆயில் பக்கவாட்டில் வழிந்து பிரஷர் இறங்கும். இறுதி அளவைத் தயாரிப்பாளர் தரும் வரம்புக்குள், போடப்போகும் ஆயிலின் பாகுத்தன்மையையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும். கிராங்க் கிரைண்டிங் ஆகியிருந்தால் 0.25 அல்லது 0.50 மி.மீ. போன்ற பொருத்தமான அண்டர்சைஸ் தகடு வேண்டும். ஜர்னல் ஓரத்து வளைவு பெரிதாக இருந்தால், அதில் இடிக்காதபடி விளிம்பு சரித்த பேரிங்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தகட்டைச் சுழலவிடாமல் பிடித்து வைப்பது அதிலுள்ள சிறு நாக்கு அல்ல. ஒவ்வொரு தகடும் அரைவட்டத்தைவிட இம்மி நீளமாகச் செய்யப்பட்டிருக்கும். போல்ட்டை முறுக்கும்போது அந்த மிகுதி நெருக்கப்பட்டு, தகடு ராடோடு இறுக ஒட்டும். அதனால் தகட்டின் முனையை அரம் போட்டுத் தேய்க்கக் கூடாது. புது போல்ட் மாட்டினால் ராடின் துளை சற்றே உருமாறும். எனவே பயன்படுத்தப்போகும் அதே போல்ட்டை முழு டார்க்கில் முறுக்கிய பின்பே துளையைப் போர் கேஜாலும் ஜர்னலை மைக்ரோமீட்டராலும் அளந்து, இடைவெளியை உறுதி செய்ய வேண்டும்.