உஷார்! பிள்ளை 'விளையாட வா' என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டதா?

போன மாதம் ஒரு ராத்திரி, ஐந்து வயது மகள் சொப்பு டம்ளரை நீட்டி, "அப்பா, இந்தா காபி" என்றாள். என் கண் செல்போனில். "ம்... அங்க வைடா" என்றேன். நீட்டிய கையோடு கொஞ்ச நேரம் நின்றவள், "ஆறிப்போச்சு" என்று சொல்லிவிட்டு, இல்லாத காபியைத் தரையில் கொட்டிவிட்டுப் போனாள். மறுநாளும் சொப்பு வைத்து விளையாடினாள். என்னைக் கூப்பிடவில்லை; காபி பொம்மைக்கு மட்டும்தான். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

பெற்றோரே, உஷார்! நச்சரிக்கும் பிள்ளையை நினைத்துக் கவலை வேண்டாம். நச்சரிப்பதை விட்டுவிட்ட பிள்ளையைப் பார்த்துத்தான் பதற வேண்டும். "போனைக் கையில கொடுத்தா போதும், தொந்தரவே பண்ண மாட்டான்" என்று சொல்லிக்கொள்கிறோமே, அதில் பெருமைப்பட ஒன்றுமே இல்லை.

1970களில் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டிரானிக் ஒரு சோதனை செய்தார். கைக்குழந்தையைக் கொஞ்சிக்கொண்டிருக்கும் தாய், திடீரென்று முகத்தில் ஓர் அசைவும் இல்லாமல் சில நிமிடங்கள் உட்கார வேண்டும். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், கத்தும். எதற்கும் பதில் இல்லையென்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், அழும். செல்போன் பார்க்கும்போது நம் முகமும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறது. ஓர் ஆறுதல்: தாய் மறுபடி கொஞ்சத் தொடங்கியதும் அந்தக் குழந்தையும் மெல்லத் தேறி அவளிடம் திரும்பும்.

திரையைக் காட்டிச் சோறு ஊட்டுகிறவர்களும் கவனியுங்கள். 2 வயது நிரம்பாத குழந்தைக்குத் திரையே வேண்டாம். 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதிலும் குறைந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019லேயே சொல்லிவிட்டது. 1 முதல் 4 வயதுப் பிள்ளைகள் தினமும் குறைந்தது 180 நிமிடங்கள் ஓடியாட வேண்டும் என்றும் சொல்கிறது.

உடனே செய்ய வேண்டியவை:

* தினமும் 20 நிமிடம், போனை வேறு அறையில் வைத்துவிட்டுத் தரையில் உட்காருங்கள். ஷிப்ட் முடிந்து வருபவரா? 10 நிமிடமாவது. ஞாயிற்றுக்கிழமை மால் இதற்கு ஈடாகாது.

* என்ன ஆட்டம் என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும். நடுவில் "இது என்ன கலர்?" என்று பாடம் நடத்தாதீர்கள்.

* வேலையோடு வேலையாக விளையாடுங்கள். படுக்கைக்கு உப்பு மூட்டை தூக்கிப் போங்கள். கரண்ட் போனால் டார்ச் அடித்துச் சுவரில் மான், முயல் காட்டுங்கள்.

* தாத்தா பாட்டி இருந்தால் பல்லாங்குழியையும் தாயக்கட்டையையும் வெளியே எடுங்கள். புளியங்கொட்டை போதும், காசு செலவில்லை.

தள்ளிப்போடாதீர்கள். இன்னும் சில வருடங்களில் அவர்களுக்கென்று நண்பர்கள் வந்துவிடுவார்கள். அப்போது நாம் கூப்பிட்டாலும் வர மாட்டார்கள்.

பொம்மைக்கு மட்டும் காபி கிடைத்ததற்கு அடுத்த நாளே நான் மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "எனக்கும் ஒரு காபி கிடைக்குமா?" என்று கேட்டேன். பதில் இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள்தான் சொப்பு டம்ளர் என் பக்கம் நீண்டது. "சூடா இருக்கு, ஊதிக் குடிப்பா."