கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் படம் எடுத்தல்

விமான நிலையங்களைப் பார்வையிடச் செல்லும் ஆசிரியர்களும், வானிலை, நில அளவை முதலிய துறைகளின் களப் பணியாளர்களும் ஆங்குள்ள கட்டுப்பாட்டுக் கோபுரத்தையும் காண விழைவது இயல்பு. அனுமதி பெற்று அதன் உச்சிக்கு ஏறியவுடன், சுற்றிலும் கண்ணாடிச் சுவர்களும், கீழே நீண்டு கிடக்கும் ஓடுபாதையும் காட்சியளிக்கும். கை தானாகவே காமிராவை நாடும். ஆனால் அவ்விடத்தில் படம் எடுப்பதற்குப் பல கட்டுப்பாடுகள் உள்ளன. அவற்றுட் சில சட்டத்தால் ஏற்பட்டவை. வேறு சில கண்ணின் இயல்பையும் ஒளியின் இயல்பையும் அடிப்படையாகக் கொண்டவை. காரணம் அறிந்து இவற்றைப் பின்பற்றும் ஆசிரியர் அக்காரணங்களையே மாணாக்கருக்குப் பாடமாகவும் கற்பிக்கலாம். ஆதலின் அவற்றை ஈண்டு ஒவ்வொன்றாக விளக்குவோம்.

கோபுரத்தின் பணி

லண்டன் நகரை அடுத்த கிராய்டன் விமான நிலையத்தில் 1920-ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட கோபுரமே இவ்வகையில் உலகின் முதலாவது எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. இந்தியாவில் 1995 ஏப்ரல் 1 அன்று தோற்றுவிக்கப்பட்ட இந்திய விமான நிலைய ஆணையம் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பணியை நடத்தி வருகிறது. 2019-ஆம் ஆண்டு டெல்லியில் திறந்து வைக்கப்பட்ட கோபுரம் ஏறத்தாழ 102 மீட்டர் உயரமுள்ளது.

ராடாரும் கணினியும் வந்துவிட்ட பின்னரும் இத்துணை உயரம் எதற்காக என்று சிலர் வினவக்கூடும். ஓடுபாதையில் வேறொரு வாகனம் நிற்கின்றதா, இறங்கும் விமானத்தின் சக்கரங்கள் வெளிவந்துள்ளனவா, பறவைக் கூட்டம் குறுக்கிடுகின்றதா என்பனவற்றை ஒருவர் நேரிற் கண்டறிதல் இன்றும் இன்றியமையாதது. அவர் விமானிகளுடன் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசைகளில் ரேடியோ வாயிலாக உரையாடுகிறார். ஆகவே கோபுரத்தில் மிக முக்கியமான கருவிகள் கட்டுப்பாட்டாளரின் கண்ணும் செவியுமே ஆகும். பார்வையாளருக்கு விதிக்கப்படும் கட்டுப்பாடுகளுட் பெரும்பாலானவை இவ்விரண்டையும் காப்பதற்காகவே ஏற்பட்டவை.

இருளுக்குப் பழகிய கண்

நம் கண்ணின் விழித்திரையில் கூம்பு உயிரணுக்கள், கோல் உயிரணுக்கள் என இருவகை உண்டு. பகல் ஒளியில் நிறங்களையும் நுட்பமான உருவங்களையும் அறியக் கூம்புகள் உதவுகின்றன. மங்கிய ஒளியில் பார்ப்பதற்குக் கோல்களே துணை செய்கின்றன. கோல்களில் ரொடாப்சின் என்னும் நிறப்பொருள் உள்ளது. வலிய ஒளி பட்டால் அது சிதைந்துவிடும். இருளில் மீண்டும் மெல்ல மெல்ல உருவாகும். இருளுக்குப் பழகும் வேலையைக் கூம்புகள் ஏறத்தாழ 10 நிமிடங்களில் முடித்துக்கொள்கின்றன. கோல்கள் முழு உணர்வு பெறுதற்கோ 30 நிமிடம் அளவு ஆகிறது. வெளிச்சமுள்ள தெருவிலிருந்து சினிமாக் கொட்டகைக்குள் நுழைவோர் இருக்கை தெரியாமல் தடுமாறி, பின்னர் சிறிது சிறிதாக அனைத்தையும் காணத் தொடங்குவது இதனாலேயே.

இரவில் கோபுரத்தின் உள்விளக்குகளைத் தணித்து வைப்பது இக்காரணம் பற்றியே. அங்கு ஒருவர் காமிராவின் மின்னொளியைப் பயன்படுத்துவாராயின், ஏறத்தாழ ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கே நீடிக்கும் அவ்வொளி, கட்டுப்பாட்டாளர் அரைமணி நேரத்தில் பெற்ற இருட் பார்வையைக் குலைத்துவிடும். கண்முன் ஒரு மறைப்பு மிதப்பது போன்ற தோற்றமும் சிறிது நேரம் நிலைக்கும். அவ்வேளையில் ஒரு விமானம் ஓடுபாதையை நெருங்கிக் கொண்டிருக்கலாம்.

மின்னொளியாற் பயனும் இல்லை

இத்தீங்கை விளைவிக்கும் மின்னொளி படத்திற்காவது பயன்படுமா எனின், அதுவும் இல்லை. ஒளியின் செறிவு தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது என்பது நாம் பள்ளியிற் கற்பிக்கும் விதி. 5 மீட்டர் தொலைவிலுள்ள பொருளை நன்கு விளக்கும் ஒளி, 1 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஓடுபாதையை அடையும்போது தொலைவு 200 மடங்காகிறது; எனவே செறிவு 40,000-இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஓடுபாதையை அவ்வொளி சிறிதும் விளக்காது.

அன்றியும், கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் நேராகப் படும் ஒளியில் ஏறத்தாழ 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. காமிராவின் சொந்த ஒளியே கண்ணாடியிற் பட்டுத் திரும்பிப் படத்தின் நடுவில் வெண்புள்ளியாக விழும். இரவில் ரயில் வண்டிக்குள் விளக்கு எரியும்போது சன்னற் கண்ணாடியில் நம் முகமே தெரிவதையும், விளக்கை அணைத்தவுடன் வெளியே உள்ள வயல்கள் தெரிவதையும் மாணாக்கர் அறிவர். கோபுரத்திலும் இதுவே நிகழ்கிறது. இதனைத் தவிர்க்கவே கோபுரக் கண்ணாடிகளை மேற்புறம் வெளியே சாயுமாறு, ஏறத்தாழ 15 டிகிரி சாய்வில், அமைக்கின்றனர். அவ்வாறு அமைப்பதால் மேசைகளிலும் திரைகளிலும் இருந்து எழும் ஒளி, கட்டுப்பாட்டாளரின் கண்ணுக்குத் திரும்பாமல் கூரையை நோக்கிச் செல்கிறது. கூரைக்கும் கருமை நிறம் பூசுவதுண்டு.

ஒளிச் சைகைகள்

ரேடியோ பழுதுபட்ட விமானத்துடன் தொடர்புகொள்ளக் கோபுரத்தில் ஒளிச் சைகை விளக்கு ஒன்று வைக்கப்பட்டிருக்கும். சர்வதேச விதிகளின்படி, பறக்கும் விமானத்திற்குக் காட்டப்படும் நிலையான பச்சை ஒளி இறங்கலாம் என்பதைக் குறிக்கும். நிலையான சிவப்பு, பிற விமானத்திற்கு வழிவிட்டுத் தொடர்ந்து வட்டமிடுக என்பதாகும். மின்னும் வெண்மை, இந்நிலையத்தில் இறங்கி விமானம் நிற்கும் முற்றத்திற்குச் செல்க என்று பொருள்படும். ஒரே ஒரு மின்வெட்டைக் கண்டு விமானி ஏமாறுவது அரிதே. எனினும் ஒளியாற் கட்டளை விடுக்கும் இடத்திலிருந்து பொருளற்ற ஒளி எழுவது விரும்பத்தக்கதன்று.

கவனச் சிதறலின் விளைவு

1991 பிப்ரவரி 1 அன்று மாலை, இருள் சூழ்ந்த பின், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்தில் ஒரு சிறிய பயணி விமானம் ஓடுபாதையில் காத்திருக்குமாறு பணிக்கப்பட்டிருந்தது. அதே ஓடுபாதையில் இறங்கப் போயிங் 737 விமானம் ஒன்றுக்கும் அனுமதி அளிக்கப்பட்டது. இரண்டும் மோதியதில் முப்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். வேறொரு விமானம் அலைவரிசை மாறிப்போனமையும், மற்றொன்றின் விவரச் சீட்டு உரிய இடத்தில் இல்லாமையும் கட்டுப்பாட்டாளரின் கவனத்தை அச்சமயம் ஈர்த்திருந்தன. நிலையக் கட்டட விளக்குகளின் கூசொளியால் சிறு விமானம் நின்ற இடம் கோபுரத்திலிருந்து தெளிவாகத் தெரியவில்லை என்பதும் விசாரணையில் வெளிப்பட்டது.

இவ்விபத்திற்கும் படம் எடுத்தலுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும் கூசொளியும், சில வினாடிக் கவனச் சிதறலும் ஒருங்கே நேரின் என்ன விளையும் என்பதற்கு இது சான்றாகும். பார்வையாளர் கூட்டமாக நின்று உரக்கப் பேசுவதும், கட்டுப்பாட்டாளரைத் தம் பக்கம் திரும்புமாறு வேண்டுவதும், அவருக்கும் சன்னலுக்கும் இடையில் நிற்பதும் இத்தகைய சிதறலுக்கே வழிகோலும்.

கருவிகள் மீது ஒளி

அரைக்கடத்திப் பொருள்களில் ஒளி பட்டால் மின்னோட்டம் தோன்றக்கூடும். சூரிய மின்கலம் இயங்குவது இதனாலேயே. 1997-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலுள்ள ஹேடம் நெக் அணுமின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில், திறந்திருந்த தீயணைப்புப் பலகையின் உட்புறத்தை மின்னொளி கொண்டு ஒருவர் படம் எடுத்தார். அவ்வொளியினால் மின்னணு உறுப்புகள் தவறாக இயங்கி, தீயணைப்பு வாயு அறைக்குள் வெளிப்பட்டது. 2015-ஆம் ஆண்டு வெளிவந்த ராஸ்பெரி பை 2 என்னும் சிறு கணினியும், அருகில் செனான் மின்னொளி பட்டவுடன் நின்றுபோவதாகக் கண்டறியப்பட்டது. மூடிய பெட்டிக்குள் உள்ள கருவிகளுக்கு இவ்வாறு நேர்வதற்கில்லை. ஆனால் பழுதுபார்ப்பதற்காகத் திறந்து வைக்கப்பட்ட கருவியின் முன் மின்னொளியைப் பயன்படுத்துதல் எங்கும் தவறு என்பதை இந்நிகழ்ச்சிகள் காட்டுகின்றன.

கைப்பேசியைக் காமிராவாகக் கொண்டு செல்வோர் அதன் அலைத் தொடர்பை நிறுத்திவிட வேண்டும். இரண்டாம் தலைமுறைக் கைப்பேசிகளின் அலைத் துடிப்புகள் வினாடிக்கு ஏறத்தாழ 217 முறை நிகழ்வன. அருகிலுள்ள ஒலிக்கருவிகளில் இவை இரைச்சலை எழுப்பும். விமானியின் ஒரு சொல் அவ்விரைச்சலில் மறைந்துபோகவும் கூடும்.

அனுமதியும் இரகசியமும்

1937-ஆம் ஆண்டின் விமான விதிகளுள் 13-ஆவது விதி, அரசு விமான நிலையத்திலோ பறக்கும் விமானத்திலிருந்தோ எழுத்து மூலமான அனுமதியின்றிப் படம் எடுத்தலைத் தடை செய்தது. அவ்விதிகளுக்கு மூலமான 1934-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில், பாரதீய வாயுயான் அதிநியம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. கோபுரத்தைப் பார்வையிட அளிக்கப்படும் அனுமதி வேறு. படம் எடுக்க அளிக்கப்படும் அனுமதி வேறு. ஆதலின் விண்ணப்பத்தில் இரண்டையும் தனித்தனியே குறிப்பிட்டுக் கேட்டல் வேண்டும். புணே, ஸ்ரீநகர், லே ஆகிய இடங்களிற் போல, விமானப் படைத் தளத்தோடு இணைந்த நிலையங்களில் தடை மேலும் கடுமையானது.

பின்னணியில் உள்ளவையும் படத்திற் பதிவாகும் என்பதை மறத்தலாகாது. 2012 நவம்பரில், பிரிட்டிஷ் இளவரசர் வில்லியம் பணியாற்றிய வேலி விமானப் படைத் தளத்தில் எடுத்த படங்கள் சில வெளியிடப்பட்டன. சுவரில் ஒட்டியிருந்த தாளில் கணினிக் கடவுச்சொற்கள் தெரிந்தமையால், அவற்றை மாற்ற நேர்ந்தது. நன்னோக்குடன் எடுத்த படமும் இவ்வாறு இடர் விளைவிக்கக்கூடும்.

நடைமுறைக் குறிப்புகள்

1. கூடியவரை பகற்பொழுதையே தேர்ந்துகொள்க. போக்குவரத்து நெருக்கமற்ற வேளை எது என்பதை நிலைய அலுவலரிடம் முன்னரே கேட்டறிக.

2. கோபுரத்தில் ஏறுவதற்கு முன்பே மின்னொளியையும், குவியம் காண்பதற்காகக் காமிரா தானே எழுப்பும் துணை விளக்கையும், ஒலியையும் நிறுத்துக. கைப்பேசித் திரையின் ஒளியை மிகக் குறைத்து வைக்க.

3. லென்ஸைக் கண்ணாடிக்கு மிக அருகில், ஆனால் தொடாதவாறு பிடித்து, சுற்றிலும் கருந்துணி கொண்டு மறைத்தால் பிரதிபலிப்பு விழாது. கண்ணாடியில் விரல் படக்கூடாது; அவ்விரல் தடம் ஒரு விமானத்தை மறைத்தல் கூடும்.

4. திரைகளைப் படம் எடுக்கத் தனி அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தால் முனைவாக்க வடிகட்டியைக் கழற்றிவிடுக. திரவப் படிகத் திரையின் ஒளி முனைவாக்கம் பெற்றதாகலின், வடிகட்டி திருப்பப்படும் நிலைக்கேற்ப அது முற்றிலும் கறுத்துத் தோன்றும்.

5. மேசைமீது பையையோ காமிராவையோ வைத்தலாகாது. ரேடியோவில் குரல் எழும்போது பேச்சை நிறுத்துக. வெளியேறுமாறு கூறினால் வினாவின்றி உடனே வெளியேறுக.

6. பணியாளரின் முகம் தெரியும் படத்திற்கு அவருடைய இசைவைப் பெறுக. எடுத்த படங்களைப் பொறுப்பு அலுவலரிடம் காட்டி ஒப்புதல் பெற்ற பின்னரே பிறர்க்கு அளிக்க அல்லது வெளியிடுக.

வகுப்பறையில்

படம் எடுக்க அனுமதி கிடைக்காவிடினும் இப்பயணம் வீணாகாது. மாணாக்கர் இருவரை இருண்ட அறையில் 20 நிமிடம் அமர்த்தி, மங்கலான எழுத்துக்களை வாசிக்கச் செய்க. பின்னர் ஒருவரை மட்டும் சில வினாடி வெளிச்சமான வெள்ளைத் தாளைப் பார்க்கச் செய்து, இருவரையும் மீண்டும் வாசிக்கச் செய்து ஒப்பிடுக. அடுத்து, கண்ணாடித் துண்டு ஒன்றை நேராகவும் சாய்த்தும் பிடித்து, எரியும் விளக்கின் பிம்பம் எத்திசையில் விலகுகின்றது என்பதைக் குறிக்கச் செய்க. கோபுரத்தைக் கண்டு திரும்பிய மாணாக்கர், கண்ணாடி ஏன் சாய்ந்துள்ளது, விளக்கு ஏன் தணிந்துள்ளது என்னும் இரு வினாக்களுக்கும் இச்சோதனைகளிலிருந்தே விடை கூற முற்படுவர்.