பழைய கேசட்டில் வெளிவராத பாடல்கள்: கம்ப்யூட்டருக்கு மாற்றுவது எப்படி?

பிச்சாவரத்தில் படகு ஏறும் வெளியூர்க்காரர்கள் பலர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இதயக்கனி படத்தை எந்த இடத்தில் எடுத்தார்கள்?" 1975ல் வெளியான அந்த எம்.ஜி.ஆர். படத்திற்காக இந்தச் சுரபுன்னைக் காட்டு வாய்க்கால்களில் படப்பிடிப்பு நடந்தது. அந்தப் படத்தின் பாடல்களை இன்று யார் வேண்டுமானாலும் போனிலேயே தேடிக் கேட்டுவிடலாம். ஆனால் பதிவு செய்யப்பட்டும் படத்தில் வராத பாடலை எங்கே தேடுவது? படமே வெளிவராமல் போயிருந்தால்?

இப்படிப்பட்ட பாடல்களைத் தேடி அலையும் ரசிகர் கூட்டம் ஒன்று இருக்கிறது. நானும் அதில் ஒருவன். நாங்கள் தேடும் பாடல்கள் பெரும்பாலும் இன்டர்நெட்டில் இல்லை. உங்கள் வீட்டுப் பரண் மேல் ஒரு ஷூ டப்பாவில் இருக்கும் கேசட்டுகளில்தான் இருக்கின்றன. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கும் நீங்கள் அவற்றை எப்படி வெளியே எடுப்பது என்று பார்ப்போம்.

பாடல் எப்படிக் காணாமல் போகிறது?

சினிமாவில் பாடலைத்தான் முதலில் பதிவு செய்வார்கள். படப்பிடிப்பும் எடிட்டிங்கும் அதற்குப் பிறகு. படம் தியேட்டருக்கு வருவதற்குள் இசைத்தட்டு கடைக்கு வந்துவிடும். இந்த இடைவெளியில்தான் பாடல்கள் தொலைகின்றன.

இளையராஜாவின் 'புத்தம் புது காலை' நல்ல உதாரணம். இயக்குநர் மகேந்திரன் தொடங்கிய 'மருதாணி' படத்திற்காக உருவான பாடல் அது. படம் கைவிடப்பட்டது. பாடல் 1981ல் 'அலைகள் ஓய்வதில்லை' இசைத்தட்டில் சேர்க்கப்பட்டது, ஆனால் அந்தப் படத்திலும் வரவில்லை. பின்னர் 2009ல் இந்திப் படமான 'பா'வில் அதே மெட்டு வேறு வரிகளோடு வந்தது. 2014ல் 'மேகா' படத்தில் பாடலே மறுபடி பதிவாகி வந்தது. 'தளபதி' (1991) கேசட்டை வாங்கிவிட்டுத் தியேட்டருக்குப் போனவர்கள், யேசுதாசும் ஜானகியும் பாடிய ஒரு பாடலைப் படத்தில் காணாமல் ஏமாந்தார்கள். 'மணிப்பூர் மாமியார்' படம் வெளிவரவே இல்லை, பாடல்கள் மட்டும் இசைத்தட்டில் தப்பின. 1997ல் இங்கிலாந்து ராணி வந்து கலந்துகொண்ட தொடக்க விழாவோடு ஆரம்பமான 'மருதநாயகம்' கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

எங்கள் கூட்டத்தின் பெரிய ஏக்கம் வேறு. 1993ல் லண்டன் ராயல் பில்ஹார்மானிக் ஆர்கெஸ்ட்ரா, ஜான் ஸ்காட் நடத்த, இளையராஜாவின் சிம்பொனியைப் பதிவு செய்தது. அந்தப் பதிவு கடைக்கு வரவில்லை. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அரங்கேறிய 'வேலியன்ட்' அவர் பிற்பாடு எழுதிய வேறு சிம்பொனி. இரண்டையும் ஒன்று என்று நினைத்துப் பலர் குழம்புகிறார்கள்.

ரெக்கார்டிங் சென்டர் தந்த புதையல்

1980களில் என் தாய்மாமா சிதம்பரம் கீழ வீதியில் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் வேலை பார்த்தார். இளைய வாசகர்களுக்காக ஒரு விளக்கம். எல்.பி. இசைத்தட்டும் பிளேயரும் வாங்க வசதியில்லாதவர்கள் 60 அல்லது 90 நிமிட வெற்றுக் கேசட்டை வாங்கி, பிடித்த பாடல்களைத் தாளில் எழுதிக் கடையில் கொடுப்பார்கள். கடைக்காரர் இசைத்தட்டுகளிலிருந்து அவற்றைப் பதிந்து தருவார். பக்கம் முடியும் இடத்தில் மூன்று நான்கு நிமிட டேப் மிச்சம் இருக்கும். "அதை வெறுமனே விட்டா கஸ்டமர் சண்டைக்கு வருவாரு மாப்ளே. ரெக்கார்டுல அடுத்து எது இருக்கோ அதைப் போட்டு நிரப்பிடுவோம்" என்பார் மாமா. யாரும் கேட்காத, படத்தில் வராத பாடல்கள் ஊர் முழுக்கப் பரவியது இப்படித்தான். எனவே உங்கள் வீட்டுக் கேசட் அட்டையில் எழுதியிருக்கும் பட்டியலை மட்டும் நம்பாதீர்கள். ஒவ்வொரு பக்கத்தின் கடைசி ஐந்து நிமிடத்தைக் கவனமாகக் கேளுங்கள்.

மாமாவிடம் மிஞ்சியது 40 கேசட்டுகள். கிள்ளையில் உள்ள அவர் வீட்டு ஓடுகளை 2011 டிசம்பர் 30 அன்று கடலூர் அருகே கரை கடந்த 'தானே' புயல் பெயர்த்துவிட்டது. பெட்டிக்குள் மழைநீர் இறங்கி, பாதி கேசட்டுகள் வீணாயின.

முதலில் கண்ணால் பாருங்கள்

நான் செய்த தவறை நீங்கள் செய்ய வேண்டாம். பல வருடங்களாகச் சும்மா கிடந்த பிளேயரில் முதல் கேசட்டை நேராகப் போட்டுவிட்டேன். உள்ளே ரப்பர் பெல்ட் தளர்ந்திருந்தது. டேப் ரோலரில் சுற்றிக்கொண்டு ஒரு சாண் அளவு நசுங்கியது. கேசட் டேப் விநாடிக்கு 4.76 செ.மீ. ஓடும். ஆக, நான்கைந்து விநாடிப் பாட்டு போயிற்று.

கேசட்டின் ஜன்னல் வழியே டேப்பைப் பாருங்கள். சுருளின் மேல் வெள்ளைப் புள்ளிகளோ பொடியோ தெரிந்தால் அது பூஞ்சை. அதை ஓட்டவே கூடாது. டேப் கிழியலாம், பிளேயரின் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டுக்கும் பரவும். கடற்கரை ஊர்களில் இது மிகச் சாதாரணம். தனியே ஒரு கவரில் போட்டு வைத்துவிடுங்கள். நல்ல கேசட் என்றால், உங்களுக்கு முக்கியமில்லாத ஏதாவது ஒரு கேசட்டை முதலில் ஓட்டிப் பிளேயரைச் சோதியுங்கள். ஹெட்டையும் ரோலரையும் துடையுங்கள். பிறகு கேசட்டை முழுவதும் ஒருமுறை முன்னும் பின்னும் சுற்றுங்கள்.

கம்ப்யூட்டருடன் இணைத்தல்

இப்போதைய லேப்டாப்களில் பெரும்பாலும் ஒரே ஒரு ஹெட்செட் துளைதான் இருக்கிறது. அதில் உள்ள மைக் இணைப்பு ஒற்றைச் சேனல், அதுவும் மைக்கின் மிக மெல்லிய சிக்னலுக்கானது. பிளேயரை அதில் சொருகினால் ஒலி உடைந்து கரகரக்கும். லைன்-இன் வசதி உள்ள யுஎஸ்பி ஆடியோ கார்டு ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கும்போது ஸ்டீரியோ லைன்-இன் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். மைக் மட்டும் உள்ளது நமக்கு உதவாது. பழைய டெஸ்க்டாப் என்றால் பின்புறம் உள்ள நீல நிறத் துளையே லைன்-இன்.

பிளேயரை முடிந்தால் பேட்டரியில் ஓட்டுங்கள். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் வீட்டு மின்சாரத்தின் 'உம்ம்' சத்தம் பதிவில் புதிதாக ஏறிவிடும். இது ஏன் முக்கியம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

சாப்ட்வேருக்கு ஆடாசிட்டி போதும். 2000ல் முதலில் வெளிவந்த இலவச சாப்ட்வேர் இது. 44100 ஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ என அமைத்து ரெக்கார்ட் பட்டனை அழுத்துங்கள். ஒலி அளவு காட்டும் பட்டை சிவப்பைத் தொடக் கூடாது. முடிந்ததும் வேவ் பைலாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். நிமிடத்திற்குச் சுமார் 10 எம்பி, 60 நிமிடக் கேசட்டுக்குச் சுமார் 635 எம்பி இடம் பிடிக்கும். இதையே 128 கேபிபிஎஸ் எம்பி3 ஆக்கினால் 58 எம்பிதான். ஆனால் எம்பி3 என்பது காதுக்கு அவ்வளவாகத் தெரியாது என்று கருதும் ஒலிகளை எறிந்துவிட்டு மிச்சத்தைச் சேமிப்பது. எறிந்தது திரும்பி வராது. போனில் கேட்க எம்பி3 வைத்துக்கொள்ளுங்கள், மூலத்தை வேவ் பைலாகவே வையுங்கள்.

புதுப் பாடலா, வேகக் கோளாறா?

ஒருநாள் மாமாவின் கேசட்டில் 'புத்தம் புது காலை' ஓடியபோது துள்ளிக் குதித்தேன். சுருதி சற்று உயரம், தாளமும் விறுவிறு. வேறு பதிவு! வெளிவராத டெமோ! டெமோ என்றால் முழுப் பதிவுக்கு முன் மாதிரிக்காகச் செய்து பார்க்கும் பதிவு. நண்பர்களுக்கும் அனுப்பிவிட்டேன்.

ஒரு நண்பர் மட்டும் நிதானமாக, "உறுமலை அளந்து பாருங்க" என்றார்.

நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை துடிப்பது. அந்தக் கால இசைத்தட்டு பிளேயர்களில் இந்த 50 ஹெர்ட்ஸ் உறுமல் பாட்டோடு சேர்ந்து கேசட்டில் பதிந்துவிடும். பாட்டுக்கு முன் உள்ள மௌனப் பகுதியைத் தேர்வு செய்து, ஆடாசிட்டியில் அனலைஸ் மெனுவில் பிளாட் ஸ்பெக்ட்ரம் கிளிக் செய்யுங்கள். சைஸ் என்ற இடத்தில் 65536 கொடுங்கள். என் கேசட்டில் மேடு 52ல் நின்றது. டேப் 4% வேகமாக ஓடுகிறது என்று அர்த்தம். (பிளேயரைப் பேட்டரியில் ஓட்டச் சொன்னது இதற்குத்தான். வீட்டு உறுமலும் கலந்தால் எது எதுவென்று தெரியாது.) 50ஐ 52ஆல் வகுத்தால் 0.962. எபெக்ட் மெனுவில் வேகமும் சுருதியும் மாற்றும் பகுதியில், மல்டிபிளையர் கட்டத்தில் இதைக் கொடுத்தேன். என் 'டெமோ', எல்லோரிடமும் இருக்கும் அதே பாடலாகிவிட்டது. வெட்கத்தோடு நண்பர்களுக்கு மறுபடி தகவல் அனுப்பினேன்.

ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்தில் நம் ஊர் மின்சாரம் எப்போதும் 50ல் நிற்காது, 49க்குக் கீழேகூட இறங்கும். ஆகவே அதே பக்கத்தில் உள்ள தெரிந்த பாடல் ஒன்றின் நீளத்தையும் ஒப்பிட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். 6% வேகம் கூடினால் ஏறக்குறைய ஒரு ஸ்வரஸ்தானமே ஏறிவிடும்.

போலிகளும் உண்டு

"இசைத்தட்டிலிருந்து நேராக எடுத்தது" என்று யாராவது வேவ் பைல் கொடுத்தால் ஸ்பெக்ட்ரோகிராம் பார்வையில் திறந்து பாருங்கள். 16 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் கத்தரித்தது போல் நேர்கோட்டில் வெறுமையாக இருந்தால், அது பெரும்பாலும் எம்பி3யை வேவ் ஆக மாற்றிய பைல். இப்போது அதைவிடப் பெரிய தொல்லை, ஏஐ குரல். 2024ல் 'லால் சலாம்' படத்திற்காக ஏ.ஆர். ரஹ்மான், மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களைக் குடும்பத்தாரின் அனுமதியோடு ஏஐ மூலம் பாட வைத்தார். அனுமதி கேட்காதவர்களும் இருக்கிறார்கள். யாரிடமிருந்து, எந்த டேப்பிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாத 'வெளிவராத பாடலை' நான் நம்புவதில்லை.

அதே ஏஐ நல்லதும் செய்கிறது. ராக் இசைக்குழுவான பீட்டில்ஸின் ஜான் லெனன், 1970களின் கடைசியில் வீட்டில் பியானோ வாசித்தபடி கேசட்டில் பாடிய டெமோ ஒன்று இருந்தது. 1995ல் மற்ற மூவரும் அதை முடிக்கப் பார்த்தார்கள். பியானோவும் உறுமலும் குரலை மூடியதால் கைவிட்டார்கள். பின்னர் இயக்குநர் பீட்டர் ஜாக்சன் குழுவின் சாப்ட்வேர் குரலை மட்டும் பிரித்துக் கொடுக்க, 2023 நவம்பர் 2ல் 'நவ் அண்ட் தென்' வெளியானது. அவர்கள் 28 வருடம் காத்திருக்க முடிந்ததற்குக் காரணம், மூல டேப் கெடாமல் இருந்தது. அதனால் இரைச்சலை நீக்கும் எபெக்ட்டுகளை எல்லாம் நகலில் மட்டும் போடுங்கள். மூல பைலைத் தொடாதீர்கள்.

பகிர்வது பற்றி ஒரு வார்த்தை. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம். 1981 இசைத்தட்டு 2041 முடியும்வரை உரிமையாளருடையது. வீட்டில் கேட்கலாம். இன்டர்நெட்டில் ஏற்ற அனுமதி வேண்டும்.

பி பக்கம்

அந்தக் கேசட்டின் பி பக்கத்தில் எந்தப் படத்திலும் இல்லாத ஒரு பாட்டு இருந்தது. ஆர்மோனியம், தபேலா, பின்னால் ஜனங்களின் பேச்சுச் சத்தம். கிள்ளைத் திருவிழாவில் மாமாவின் நண்பர்கள் நடத்திய மெல்லிசைக் குழு, அவர்களே மெட்டுப் போட்ட பாட்டு. பாடியவர் எம்.ஜி.ஆர். திட்டில் வாழ்ந்தவர். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் போய்விட்டார். மாமாவைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன். "இது அவன் குரல் இல்லையே மாப்ளே, வேற யாரோ" என்று ஹெட்போனைக் கழற்றிவிட்டார்.

பி பக்கம் வேறு டேப் ரிக்கார்டரில் பதிவானது என்பது அப்போதுதான் உறைத்தது. ஏ பக்கத்துக் கணக்கு இதற்குப் பொருந்தாது. மைக் செட்டின் உறுமலை அளந்தேன், 53. 0.943 கொடுத்து மறுபடி ஓட்டினேன். முதல் அடி முடிவதற்குள் மாமா கையை உயர்த்தி என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னார்.

அந்தப் பைலை அவருடைய மகளின் போனில் ஏற்றிக் கொடுத்தேன். இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, பெங்களூரில் என் அறையில் ஒன்று என மூன்று நகல் வைத்திருக்கிறேன். இதே திருவிழாவின் மீதி இன்னொரு கேசட்டில் இருப்பதாக மாமா சொல்கிறார். அதைக் கண்டுபிடித்தும் விட்டோம். சுருள் முழுக்க வெள்ளைப் பூஞ்சை. சுத்தம் செய்யத் தெரிந்தவரை விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அதுவரை கவரைப் பிரிக்கக் கூடாது என்று மாமாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.