கழுவிக் கழுவி ஊத்தினேன்!

கொலை பண்ணது நான்தான். ஆனா, சத்தியமா சுத்தம் பண்ணத்தான் போனேன்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில, 'வீட்ல ஒரு துரும்பைக் கிள்ளிப் போடறானா பாரு...'ன்னு அம்மா ஆரம்பிக்க, ரோஷம் பொத்துக்கிட்டு வந்து, எங்க வீட்டு மீன் தொட்டியில கையை வெச்சேன். ரெண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். உள்ளே மூணு கோல்டு ஃபிஷ். ப்ளஸ் ஒன் படிக்கிற தங்கச்சியோட செல்லங்க. பேரு இட்லி, வடை, பொங்கல். (சிரிக்காதீங்க பாஸ், நான் வெச்ச பேரு இல்ல!)

மூணு மாசமா யாரும் மாத்தாத தண்ணி, கட்டிங் டீ கலர்ல இருந்துச்சு. மீனுங்களைப் பக்கெட்டுக்கு மாத்திட்டு, தண்ணி மொத்தத்தையும் கொட்டினேன். கூழாங்கல்லைத் தேய்தேய்னு தேய்ச்சேன். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில வெச்சுப் பிழிஞ்சேன். அப்புறம் குழாயில வந்த மெட்ரோ வாட்டரைப் பிடிச்சுப் பிடிச்சு, பக்கெட் பக்கெட்டா 'தொபீர்'னு ஊத்தினேன். தொட்டி பளபளன்னு மின்ன, போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்கூட போட்டாச்சு!

ராத்திரி இட்லியும் பொங்கலும் மிதந்துச்சு. வடை மட்டும் மேல்தண்ணியில வாயைத் திறந்து திறந்து மூடிக்கிட்டு இருந்தான். தங்கச்சி கத்தல, அழல. ''தண்ணியைத்தானே அண்ணா மாத்தின?''ன்னு ஒரே ஒரு கேள்வி. எனக்குப் பதில் தெரியல. படிக்கிறது கெமிக்கல் எஞ்சினீயரிங், மூணாவது வருஷம்... வெளியில சொன்னா வெட்கக்கேடு!

மறுநாள் காலேஜுக்கு கட். நேரா கொளத்தூர். சென்னையில கலர் மீன் வளர்க்கிறவங்களுக்கு அதுதான் சொர்க்கம். வரிசையா கடைங்க, கடைக்குள்ள வரிசையா தொட்டிங்க. ஒரு கடையில பெரியவர் ஒருத்தர் வலையோட நின்னுட்டு இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் மூணே மூணு கேள்வி கேட்டார். ''என்ன தண்ணி தம்பி? எவ்ளோ மாத்தின? எப்படி ஊத்தின?''

மூணுலயுமே நான் ஃபெயில்!

முதல்ல, என்ன தண்ணி. குழாய்த் தண்ணியில கிருமி வளரக் கூடாதுன்னுதான் குளோரின் கலக்குறாங்க. நம்ம நாட்டுக் குடிநீர்த் தரக் கணக்குப்படி வீட்டுக் குழாய்க்கு வந்து சேரும்போது லிட்டருக்குக் குறைஞ்சது 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் இருக்கணும். நமக்கு அது நல்லது. மீனுக்கு? அது தண்ணியைக் குடிக்கிறதில்ல, சுவாசிக்குது. குளோரின் நேரா செவுளைப் போய் அரிச்சிடும்.

''வாய் அகலமான பக்கெட்ல பிடிச்சு ஒரு நாள் முழுக்கத் திறந்து வை, போயிடும். அவசரம்னா இதை விடு''ன்னு ஒரு குட்டி பாட்டிலை நீட்டினார். 'ஆன்டி குளோரின்'. உள்ளே இருக்கிறது சோடியம் தயோசல்பேட்டாம். ஃபிலிம் கேமரா காலத்துல ஸ்டுடியோக்காரங்க 'ஹைப்போ'ன்னு சொல்வாங்களே, அதுவேதான். அட, லேப்ல பியூரெட்ல ஊத்தி, அயோடின் டைட்ரேஷன்னு மணிக்கணக்கா நானே சொட்டு சொட்டா விட்ட சமாசாரம்! அது வீட்டுக்கு உபயோகப்படும்னு ஒரு வாத்தியாராவது சொல்லியிருக்கலாம்.

'அப்போ சுத்தமான ஆர்.ஓ. தண்ணியை ஊத்திட்டா?'ன்னு புத்திசாலித்தனமா கேட்டேன். தலையில அடிச்சுக்கிட்டார். ஆர்.ஓ.வுல குளோரினோட சேர்த்து உப்பையும் கனிமத்தையும் உருவிடறாங்க. அது இல்லாத தண்ணியில பி.ஹெச். நிலையா நிக்காது, மீன் தாங்காது. மே மாச மத்தியானத்துல மொட்டை மாடி டேங்க்ல கொதிக்கிற தண்ணியும் ஆகாது. சூடான தண்ணியில ஆக்சிஜன் கம்மி. தொட்டியில ஒரு கை, பக்கெட்ல ஒரு கை வெச்சுப் பார்த்தா வித்தியாசம் தெரியக் கூடாது. அவ்ளோதான் டெஸ்ட்.

அடுத்தது, எவ்ளோ. இங்கேதான் நான் பண்ணின பெரிய தப்பு இருக்கு. மீனோட கழிவுல இருந்து வர்ற அமோனியா விஷம். அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டா மாத்தும். இன்னொண்ணு அதை நைட்ரேட்டா மாத்தும். நைட்ரேட்டை மீன் ஓரளவு தாங்கிக்கும். இந்த பாக்டீரியா குடியிருக்கிறது தண்ணியில இல்ல... கல்லுலயும் ஸ்பாஞ்சுலயும்! நான் தேய்ச்சுக் கழுவினது அழுக்கை இல்ல மக்கா, அந்தத் தொட்டியோட உயிரை. குளோரின் தண்ணியிலயே கழுவியிருக்கேன், மிச்சம் இருந்ததும் காலி.

''ஒருத்தன் பிழைச்சுட்டான்னு சந்தோஷப்படாதே. இனிமேதான் அமோனியா ஏறும்''னார் பெரியவர். பாக்டீரியா திரும்பக் குடியேற நாலஞ்சு வாரம்கூட ஆகலாமாம். அதுவரைக்கும் தீனியைக் குறைச்சு, தினமும் கால் பங்கு தண்ணியை மாத்தணும். அப்புறம் வாரம் ஒரு தடவை போதும். ஸ்பாஞ்சைக் கழுவணும்னா, தொட்டியில இருந்து எடுத்த பழைய தண்ணியிலயே லேசா அலசணும்.

கணக்குப் போட்டேன். ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர். எங்க தொட்டி ரெண்டு கன அடி, கிட்டத்தட்ட 56 லிட்டர். கால் பங்குன்னா 14. ஒரு பக்கெட்! அம்மாகிட்ட அனுமதி வாங்கினதுதான் கஷ்டம். 2019-ல ஏரிங்க வறண்டு, லாரித் தண்ணிக்குக் குடத்தோட வரிசையில நின்னவங்க. ''மனுஷனுக்கே தண்ணி இல்லாம கிடந்த ஊருடா இது''ன்னாங்க. வெளியே எடுக்கிற தண்ணி கறிவேப்பிலைச் செடிக்குன்னு ஒப்பந்தம் ஆச்சு. நைட்ரேட் செடிக்கு உரம்தானே!

கடைசியா, எப்படி ஊத்தறது. முதல்ல மோட்டார் பிளக்கைப் பிடுங்கணும். கரன்ட் ஓடும்போது தண்ணியில கை வைக்கவே கூடாது. அப்புறம் கல்லு மேல ஒரு தட்டை வெச்சு, அது மேல விழற மாதிரி மெதுவா விடணும். இல்லேன்னா அடிக்கிற வேகத்துல குழி விழுந்து, கல்லுக்கு அடியில தூங்கற அழுக்கெல்லாம் கிளம்பிடும். இன்னும் நல்ல வழி, ஸ்டூல் மேல பக்கெட்டை வெச்சு, காத்து விடற சின்ன ட்யூப்ல சைஃபன் போட்டு, நடுவுல ஒரு முடிச்சு. முடிச்சை இறுக்கினா சொட்டும், தளர்த்தினா ஓடும். புதுத் தண்ணியோட பி.ஹெச். வேறயா இருந்தாலும் மீன் கொஞ்சம் கொஞ்சமா பழகிக்கும். வாயால உறிஞ்ச வேணாம், ட்யூபை முழுசாத் தண்ணியில முக்கி நிரப்பி, ஒரு முனையை விரலால அடைச்சுத் தூக்கினா போதும். இதை நான் மூணாவது வாய் மீன் தண்ணி குடிச்சதுக்கு அப்புறம்தான் நம்பினேன்!

முதல் வாரம் வடை சாப்பிடவே இல்ல. மூலையில துடுப்பை மடக்கிக்கிட்டு ஒதுங்கிக் கிடந்தான். தினமும் காலையில 14 லிட்டர் வெளியே, 14 லிட்டர் உள்ளே. செமஸ்டர் லீவுலகூட ஆறு மணிக்கு எழுந்திருக்காத நான், முந்தின நாளே பிடிச்சு வெச்ச பக்கெட்டைத் தூக்கிக்கிட்டு நின்னேன். தங்கச்சி பக்கத்துல வந்து நிப்பா, பேச மாட்டா. பதினோராவது நாள் ஒரு உருண்டை தீனியைக் கவ்வினான். ''அண்ணா, தின்னுட்டான்!''னு அவ போட்ட கூச்சல்ல பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஓடி வந்தாங்க.

இப்போ மாசம் மூணு ஆச்சு. ஞாயிற்றுக்கிழமை தண்ணி மாத்தறது தங்கச்சி கன்ட்ரோல். முடிச்சை இறுக்கறது, தளர்த்தறது எல்லாம் மேடம்தான். எனக்குக் கொடுத்திருக்கிற வேலை, தட்டைப் பிடிச்சுக்கிறது. அதையும், ''ஆட்டாம பிடி அண்ணா''ன்னு சொல்லிட்டேதான் இருக்கா!