4 ஓட்டு போட்டும் விவரம் தெரியலையே! பஞ்சாயத்தில் யாருக்கு என்ன வேலை?

உள்ளாட்சி தேர்தல் வந்தால் கிராமங்களில் திருவிழா கூட்டம்தான். ஆனால் தலைவர் சீட்டை மட்டும் பார்த்து குத்திவிட்டு, மற்ற சீட்டுகளில் கை போன இடத்தில் முத்திரை வைத்துவிட்டு வருபவர்கள் ஏராளம்.

கிராமத்து வாக்காளருக்கு மொத்தம் 4 ஓட்டு. 2019-ம் ஆண்டு டிசம்பரில் நடந்த தேர்தலில் வார்டு உறுப்பினருக்கு வெள்ளை (சில வார்டுகளில் நீலம்), ஊராட்சி தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றிய கவுன்சிலருக்கு பச்சை, மாவட்ட கவுன்சிலருக்கு மஞ்சள் நிற சீட்டு கொடுத்தார்கள். முதல் இரண்டு பதவிக்கும் கட்சி சின்னம் கிடையாது. ஒன்றிய சேர்மனை நாம் நேரடியாக தேர்ந்தெடுப்பதில்லை. நாம் ஜெயிக்க வைக்கும் கவுன்சிலர்கள் கூடித்தான் அவரை தேர்ந்தெடுக்கிறார்கள்.

வெள்ளை சீட்டின் மவுசு

வார்டு மெம்பர்தானே என்று அலட்சியம் வேண்டாம். பஞ்சாயத்து பணத்தை தலைவர் மட்டும் தனியாக எடுத்துவிட முடியாது. செக்கில் துணைத்தலைவரும் கையெழுத்து போட வேண்டும். அந்த துணைத்தலைவர் வார்டு மெம்பர்களில் ஒருவர்தான். ஆக, கண்ணை மூடிக்கொண்டு வெள்ளை சீட்டில் குத்தினால் ஊர் பணத்துக்கு போட்ட பூட்டில் ஒரு சாவியை யார் கையிலோ கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

யாரிடம் போவது?

குடிநீர், தெருவிளக்கு, சாக்கடை, ஊர் ரோடு, சுடுகாடு, குப்பை இதெல்லாம் பஞ்சாயத்து வேலை. பட்டாவுக்கு வி.ஏ.ஓ., தாசில்தார். ரேஷன் கார்டுக்கு தாலுகா ஆபீசில் உள்ள வட்ட வழங்கல் அலுவலகம். வீட்டுக்கு கரண்ட் கனெக்‌ஷன் என்றால் மின்வாரியம். இது தெரியாமல் பட்டாவுக்கு தலைவர் வீட்டு வாசலிலும், தெருவிளக்குக்கு எம்.எல்.ஏ. ஆபீசிலும் காத்துக் கிடந்தால் ஒருநாள் கூலி போவதுதான் மிச்சம்.

தலைவரே இல்லாத காலமும் உண்டு. 2025-ம் ஆண்டு ஜனவரி 5-ந்தேதியுடன் 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சி பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். அந்த மாதிரி நேரத்தில் ஊராட்சி விஷயத்துக்கு பி.டி.ஓ. ஆபீசுக்குத்தான் போக வேண்டும்.

கேள்வி கேட்க 6 நாள்

ஓட்டு போட்டதோடு நம் உரிமை முடிந்துவிடவில்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோருமே கிராமசபை உறுப்பினர்கள்தான். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருடத்துக்கு 6 நாள் கிராமசபை கூடும். அங்கே வரவு-செலவு கணக்கை கேட்கலாம். தீர்மானத்தை படித்துப் பார்த்த பிறகு கையெழுத்து போடுங்கள். வெற்று நோட்டில் மட்டும் கையெழுத்து போட்டுவிடாதீர்கள்!