பட்டி பூசும் முன் தகட்டைக் காட்டச் சொல்லுங்கள்

புதுச்சேரியில் பழைய அம்பாசிடரோ பிரீமியர் பத்மினியோ வைத்திருப்பவருக்கு முதல் பகை கடல்தான். கடற்கரைச் சாலையிலிருந்து நாலு தெரு தள்ளி நிறுத்தினாலும் உப்புக்காற்று தேடி வந்துவிடும். உப்பு, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தகட்டின்மேல் பிடித்து வைக்கிறது. உப்பு கரைந்த அந்த ஈரம் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் இரும்பு அரிக்கும் வேகம் கூடிவிடுகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும். பெயின்ட் கொப்புளமாக எழும்புவது அதனால்தான். ஆனால் கொப்புளம் கண்ணில் படும்போது பெரும்பாலும் நோய் முற்றியிருக்கும். கதவின் அடிமடிப்பு, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டிப் பகுதி, சக்கர வளைவின் உட்புறம், டிக்கியின் தரை என்று தண்ணீர் தேங்கும் இடங்களில் துரு உள்ளிருந்துதான் வெளியே வருகிறது. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் வண்டியை டிங்கரிங் பட்டறைக்குக் கொண்டுபோகிறவர், செலவு எவ்வளவு என்று கேட்பதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: பட்டி பூசும் முன் வெறும் தகட்டை எனக்குக் காட்டுவீர்களா?

துருவேறிய இடத்தை முறையாகச் சரிசெய்வது என்றால், நல்ல இரும்பு வரும்வரை வெட்டியெடுத்து, அதே கனத்தில் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து, இருபுறமும் பிரைமர் அடித்து, மேடுபள்ளத்தைச் சமன்செய்ய மட்டும் மெல்லியதாகப் பட்டி இழுப்பது. குறுக்குவழியோ, ஓட்டையில் துணியையோ கம்பிவலையையோ திணித்து, மேலே கனமாகப் பட்டி போட்டுத் தேய்த்துப் பெயின்ட் அடித்துவிடுவது. வண்டியை எடுக்கிற நாளில் இரண்டும் ஒன்றுபோலவே பளபளக்கும். உள்ளே மிச்சமிருக்கும் துருவும் ஈரமும் தம் வேலையை நிறுத்துவதில்லை. இவ்வூர்ப் பழைய சுண்ணாம்புச் சுவர்களின்மேல் சிமென்ட் பூசி ஈரத்தை உள்ளே அடைத்துவிட்டுப் பின்னால் வருந்தியவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகப் புரியும். சுவரைவிடக் காரில் ஆபத்து கூடுதல். அம்பாசிடருக்கும் பத்மினிக்கும் தனிச் சேஸிஸ் கிடையாது. பாடியே பாரம் தாங்குகிறது. கதவடிப் பெட்டியும் தரைத் தகடும் அரித்துப்போனால், மோதலின்போது உள்ளிருப்பவரைக் காக்க வேண்டிய எலும்பே இல்லாமல் போகிறது. 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்குத் தனிச் சேஸிஸ் உண்டு. அதில் கதவுத் தகட்டு ஓட்டைக்கு அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை, சேஸிஸில் துரு என்றால் பயப்படத்தான் வேண்டும். எந்த ஓட்டை அலங்காரக் குறை, எந்த ஓட்டை உயிர் சம்பந்தப்பட்டது என்பதைத் தகட்டைத் திறந்து பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது.

இங்கேதான் உரிமை வருகிறது. காசு கொடுத்துப் பெறும் பழுதுபார்ப்பு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி ஒரு சேவை. ஒப்புக்கொண்ட வேலையைச் செய்யாததும், நுகர்வோருக்குத் தெரிய வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் சேவைக் குறைபாடு. பில் தராமல் இருப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. ‘ஓட்டைகளை வெட்டித் தகடு வைத்துத் தருகிறேன்’ என்று பணம் வாங்கிக்கொண்டு பட்டியால் மூடியவர் இந்தச் சட்டத்தின்முன் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் என்ன பேசினோம் என்பதற்குச் சாட்சி வேண்டுமே! எந்தெந்த இடம் வெட்டப்படும், எத்தனை கனத் தகடு, எந்த வெல்டிங் என்று அரைப் பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வெட்டியதும் ஒரு படம், வெல்டிங் முடிந்ததும் ஒரு படம் எடுங்கள். கழற்றிய துருத்தகட்டைக் கேட்டு வாங்கி வையுங்கள். பணத்தைத் தவணையாக, வேலையின் கட்டத்துக்கேற்பக் கொடுங்கள்.

தலைமுறையாகப் பழகிய டிங்கரிடம் கையெழுத்து கேட்பது அவரை அவமதிப்பதாகாதா என்று பலர் தயங்குவார்கள். கைத்தொழில் தெரிந்தவர் தன் வெல்டிங்கைக் காட்டத் தயங்க மாட்டார். பட்டிக்குள் மறைந்துபோகும் அவருடைய உழைப்புக்குச் சான்று அந்தப் படம்தான். குறைந்த விலைக்கு வேலை கேட்டவரே வண்டிக்காரர்தானே என்ற எதிர்வாதத்தில் உண்மை இருக்கிறது. பட்டி வேலைக்குக் காசு பேசிவிட்டுத் தகட்டு வேலையை எதிர்பார்ப்பது நியாயமில்லை. அப்படிச் செலவைக் குறைக்கும்போது சுமை தொழிலாளியின் நுரையீரலில் போய் இறங்குகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். துத்தநாகம் பூசிய தகட்டை வெல்டிங் செய்கையில் எழும் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். இரண்டு திரவங்களைக் கலந்து அடிக்கும் பெயின்டிலுள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கும். பழைய பெயின்டைத் தேய்த்தால் ஈயத்தூள் பறக்கலாம். பெயின்டில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் 2016-ஆம் ஆண்டு விதி வீட்டுப் பெயின்டுக்கும் அலங்காரப் பெயின்டுக்கும்தான்; வாகனப் பெயின்டுக்கு அல்ல. முகக்கவசத்துக்கும், வெல்டிங்குக்கு முன் பெட்ரோல் டேங்கைக் கழற்றும் கூலிக்கும் சேர்த்து விலை பேசுவது வண்டிக்காரரின் கடமை.

வெட்டினால் வண்டியின் அசல்தன்மை போய்விடும் என்பது ஆர்வலர்களின் கவலை. 2021 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட விதி, 50 ஆண்டு கடந்து, அசல் வடிவில் இருந்து, சேஸிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ மாற்றம் செய்யப்படாத வண்டிக்கே விண்டேஜ் தகுதி தருகிறது. புதிதாகப் பதிய ரூ.20,000 கட்டணம். அரித்துப்போன தகட்டை அதே வடிவில், அதே கனத்தில் புதுப்பிப்பது மாற்றம் ஆகாது என்பதே என் வாசிப்பு. வடிவத்தை மாற்றுவது வேறு. அனுமதியில்லா மாற்றத்துக்கு மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒன்றுக்கு ரூ.5,000 அபராதமோ, இரண்டுமோ விதிக்க முடியும். புதுப்பித்தலா, மாற்றமா என்ற கேள்வி எழுந்தால் கைகொடுப்பதும் நீங்கள் எடுத்துவைத்த படங்களே. துருவைக் கண்டுகொள்ளாமல் விடுவதற்கு, ஞாயிறு மட்டும்தானே ஓட்டுகிறோம் என்பது பலவீனமான சமாதானம். சாதாரணக் கவனத்தோடு கண்டுபிடித்திருக்கக்கூடிய ஆபத்தான குறையுள்ள வண்டியைப் பொதுச்சாலையில் ஓட்டுவதே 190-ஆவது பிரிவில் குற்றம். காப்பீட்டிலிருந்து துருவுக்குப் பணம் வராது; தேய்மானம் பாலிசியிலேயே விலக்கப்பட்டிருக்கிறது.

ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்தால் கோபத்தில் உடனே வேறு பட்டறையில் பிரித்துப்போடாதீர்கள். பட்டி கனமாக மூடியிருப்பதால் காந்தம் ஒட்டாத இடங்களை வீடியோ எடுங்கள். வேறொரு அனுபவமுள்ள டிங்கரிடம் எழுத்தில் கருத்து வாங்குங்கள். பட்டறைக்கு ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால், புதுச்சேரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இணையவழியிலும் மனு போடலாம். கொடுத்த தொகை ரூ.5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமில்லை, வக்கீல் கட்டாயமில்லை. பில் இல்லாவிட்டாலும் யுபிஐ பரிமாற்றம் சாட்சியாகும். திருமணத்துக்கோ படப்பிடிப்புக்கோ வாடகைக்கு விடும் வண்டியென்றால் ‘வணிக நோக்கம்’ என்ற ஆட்சேபம் வரும். அதற்குத் தயாராகப் போங்கள். காரணம் எழுந்த நாளிலிருந்து மனுவுக்குக் காலக்கெடு இரண்டு ஆண்டு. கனமான பட்டி பெயின்டுக்கு அடியில் அவ்வளவு காலம் அமைதியாக இருந்துவிடக்கூடும். ஆகவே வண்டியை எடுக்கிற அன்றே ஒரு சிறு காந்தத்தோடு போங்கள்.